கடனும் தொண்டும்: தாதியியற் பட்டக்கல்வி பற்றி மலையக நோக்கில் ஓர் அறவியற் சிந்தனை

கல்வி கொடையா, கடனா என்னும் வினா பழையது. கொடையெனின், கொடுத்தவர் கைம்மாறு கேட்டல் முறையாகாது. கடனெனின், பெற்றவர் அதனைத் தீர்க்காது செல்லுதல் முறையாகாது. பொதுவாகக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் இவ்விரு நிலைகளையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டு, அவற்றுக்கிடையேயுள்ள முரண்பாட்டை உணராமலே கடந்துவிடுவர். நோயாளரைப் பேணுங் கல்வியாகிய தாதியியலை எடுத்துக்கொள்ளும்போது அவ்வாறு கடந்துசெல்லல் இயலாது. இலக்கியமோ வரலாறோ கற்ற ஒருவர் தம் ஊரை விட்டு நீங்கினால் அவ்வூருக்கு நேரும் இழப்பு உடனடியாகப் புலப்படுவதில்லை. தாதியொருத்தி நீங்கினால், அன்றிரவே ஒரு கட்டிலருகில் ஆளில்லாமற் போகிறது. ஆகவே, கற்றவர் தமக்குக் கற்பித்தவர்க்கும் தம்மை ஈன்ற சமூகத்துக்கும் யாது கடன்பட்டுள்ளார் என்னும் வினா இத்துறையில் மிகுந்த கூர்மையுடன் எழுகின்றது.

இவ்வினா மலையகத் தமிழ் மக்களின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயன் அறையிற் பிறந்து, கொழுந்து பறிக்கும் தாயின் உழைப்பாற் படித்து, கிறித்தவ உயர்கல்வி நிறுவனமொன்றின் உதவியுடன் தாதியியற் பட்டம் பெறும் ஓர் இளம் பெண்ணை எண்ணிக்கொள்வோம். பட்டம் பெற்ற மறுநாளே அவள்மீது நான்கு தரப்பார் உரிமை கோருவர். கற்பித்த நிறுவனம் தன் இலட்சியத்துக்கேற்பப் பணிபுரியுமாறு கேட்கும். தோட்டத்து மக்கள் தம் மொழி பேசும் தாதி தமக்கு வேண்டும் என்பர். அரசு நாட்டின் ஆட்பற்றாக்குறையைச் சுட்டும். குடும்பமோ, பட்ட கடன் தீரவும் தம்பி தங்கையர் படிக்கவும் வெளிநாட்டு வேலையொன்றை எதிர்பார்த்திருக்கும். அவளுக்கெனவும் ஒரு விருப்பம் இருத்தல் கூடும் என்பதை இந்நால்வரும் மறந்துவிடுதல் இயல்பு. இவ்வுரிமைக் கோரிக்கைகளுள் எது எத்துணை நியாயமுடையது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தக்க உரைகல்லாக அமைவது தமிழகத்தின் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாகும். அது தன்னளவிற் பல்கலைக்கழகமன்று. நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடும் பின்னர் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடும் இணைந்து பட்டங்களுக்குக் கற்பித்து வரும் தனியார் கிறித்தவ நிறுவனம். அதன் வேர் ஈழத்து மண்ணிலும் ஓடியிருத்தல் மனங்கொள்ளத்தக்கது. 1819 ஆம் ஆண்டு இலங்கை வந்த அமெரிக்க மருத்துவ மிஷனரி ஜோன் ஸ்கடர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிற் பணியாற்றினார். 1835 இல் அவருக்குப் பிறந்த மகனும் ஜோன் என்ற பெயர் பூண்டு தமிழகத்தில் வைத்தியரானார். அவ்வைத்தியரின் மகளே வேலூர் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையார். அதே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்து, 1860களில் அக்கல்வியைத் தமிழ் மொழியிலேயே நடத்தினார். நோய் தீர்க்கும் அறிவை நோயுற்றவரின் மொழியிலே தரவேண்டும் என்ற அவரது கொள்கையும் இக்கட்டுரையிற் பின்னர் நமக்கு வேண்டப்படும்.

ஐடா அம்மையார் மருத்துவம் கற்கத் துணிந்த வரலாறு பலரும் அறிந்தது. திண்டிவனத்தில் ஓரிரவில் மூன்று ஆடவர், ஒருவர்பின் ஒருவராக, பேற்று நோவில் துடிக்கும் தத்தம் மனைவியர்க்கு உதவி வேண்டி வந்தனர். தந்தையார் வைத்தியர், ஆயினும் அவர் ஆண் என்பதனால் மூவரும் அவரை அழைத்துச்செல்ல மறுத்தனர். மகளோ பெண், ஆயினும் மருத்துவம் அறியாதவர். விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். அமெரிக்கா சென்று 1899 இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர் 1900 இல் வேலூரிற் பணியைத் தொடங்கினார். 1909 இல் தாதியர் பயிற்சிப் பாடசாலையும் 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையும் தோன்றின. 1946 இல் தாதியியலிற் பட்டக்கல்வி தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் டெல்லியிலும் அத்தகைய கல்வி தொடங்கிற்று. இந்தியாவில் தாதியியலுக்குப் பட்டமளித்த முதலிரு நிறுவனங்கள் இவையே. இலங்கையில் திறந்த பல்கலைக்கழகம் 1990களிலும் ஏனைய அரச பல்கலைக்கழகங்கள் 2000களின் நடுப்பகுதியிலுமே இத்துறையிற் பட்டக்கல்வியைத் தொடங்கின என்பதை நோக்கும்போது, வேலூரின் முன்னோடித் தன்மை நன்கு விளங்கும்.

இங்கு முதலில் ஒரு தடையை எதிர்கொள்ளல் வேண்டும். நோயாளரைப் பேணுவதற்குப் பட்டம் எதற்கு என்பதே அத்தடை. அன்பும் பொறுமையும் உள்ள பெண்ணொருத்திக்குச் சில மாதப் பயிற்சி போதாதா, பட்டம் பெற்றவள் நோயாளியின் மலசலம் அள்ளுவாளா என்று கேட்போர் இன்றும் உளர். இவ்வையத்தைப் பாமரர்க்கே உரியதெனத் தள்ளிவிடல் இயலாது. நவீன தாதியியலின் தாயெனப் போற்றப்படும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே, 1860 இல் லண்டனில் முதற் பயிற்சிப் பாடசாலையை நிறுவியவராயினும், தாதியரைப் பரீட்சை வழித் தேர்ந்து அரச பதிவேட்டிற் பதியும் முயற்சியை எதிர்த்தார். ஒருத்தியின் ஒழுக்கத்தையும் அர்ப்பணிப்பையும் பரீட்சைத்தாள் அளக்கமாட்டாது என்பது அவர் வாதம். எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் அம்மையாரோ, பதிவும் தகுதியும் இல்லாதவிடத்து நோயாளிக்குப் பாதுகாப்பில்லை, தாதிக்கும் மதிப்பில்லை என வாதிட்டார். நெடிய விவாதத்தின் பின்னர் 1919 இல் பிரித்தானியாவிற் பதிவுச் சட்டம் நிறைவேறியது. ஃபென்விக் வென்றார் எனினும் நைட்டிங்கேலின் ஐயம் அழிந்துவிடவில்லை.

தமிழ் மரபு இவ்விவாதத்தை வேறொரு வகையில் அணுகியிருத்தல் கண்டு மகிழத்தக்கது. மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் திருவள்ளுவர் நோயுற்றவன், தீர்க்கும் வைத்தியன், மருந்து ஆகிய மூன்றோடு நோயாளியின் அருகிருந்து பேணுபவனையும் சேர்த்து மருத்துவத்தை நான்கு கூறுடையதாக்குகிறார். அருகிருப்பவன் வைத்தியனின் ஏவலாளாக அன்றி, மருத்துவத்தின் காற்பங்காகவே எண்ணப்படுகிறான். அக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் இந்நான்காமவனுக்கு உரிய இயல்புகளாக நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவு என நான்கினைக் கூறுகிறார். சரக சங்கிதையும் பேணுவோனுக்குப் பேணல்முறை அறிதல், செயற்றிறம், அன்பு, தூய்மை ஆகியவற்றையே விதிக்கின்றது. அன்பும் அறிவும் ஒரே நிரலில் வைக்கப்பட்டிருப்பதை நோக்குக. ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறையும் என்ற அச்சம் இம்மரபில் இல்லை.

அறிவில்லாத அன்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தோட்டத்து வாழ்வினின்றே ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எட்டு மாதக் கர்ப்பிணியொருத்தி தலையிடிக்கிறது, கண் மங்குகிறது, முகமும் கையும் வீங்கியிருக்கின்றன என்கிறாள். அன்பு மட்டுமுடையவர் அவளுக்குத் தேநீர் கொடுத்து, தைலம் தடவி, இன்று மலைக்குப் போகவேண்டாம் என்று படுக்க வைப்பர். அறிந்த தாதியோ இரத்த அழுத்தத்தை அளந்து, சிறுநீரிற் புரதம் உள்ளதா எனப் பார்த்து, வலிப்பு நேருமுன் அவளை வைத்தியசாலைக்கு அனுப்புவாள். முன்னவர் நெஞ்சிற் கருணை குறைவென்று யாரும் சொல்லார். ஆயினும் தாயும் சேயும் பிழைத்திருப்பது பின்னவளின் அறிவினால். எனவே, நோயாளியை உண்மையாக நேசிப்பவர் அறியக்கூடியதை அறியாதிருத்தலை ஒப்பமாட்டார். தாதியியலைப் பட்டக்கல்வியாக்குதல் கருணையைக் குறைக்கும் என்னும் வாதம் இவ்விடத்தில் வலுவிழக்கிறது.

இவ்வாதத்தின் பின்னே மறைந்திருக்கும் மற்றொரு கருத்தையும் வெளிக்கொணர்தல் அவசியம். தொண்டு என்னும் சொல் நம் சமூகத்தில் எப்பொழுதும் தூயதாக இருந்ததில்லை. பிள்ளைப்பேறு பார்த்தல், தீட்டுத் துணி அலசல், பிணத்தைக் கழுவுதல் ஆகியன பிறப்பினால் சிலர்மீது சுமத்தப்பட்ட பணிகளாயிருந்தன. தமிழகக் கிராமங்களில் மருத்துவச்சியாக இருந்தவள் தன் கைத்திறனால் எத்தனை உயிர்களைக் காத்தபோதிலும், அவளைத் திண்ணைக்குமேல் ஏற்றாத வீடுகள் பல. உயர்குலத்தோர் தம் பெண்களைத் தாதியராக்க நெடுங்காலம் தயங்கியமைக்கும், இந்தியாவில் இத்தொழிலுக்குத் தொடக்கத்திற் பெரும்பாலும் கிறித்தவப் பெண்களே முன்வந்தமைக்கும் இத்தீட்டுணர்வு முக்கிய காரணமாகும். கிறித்தவ நிறுவனங்கள் இங்கு ஆற்றிய பணியை அறவியல் நோக்கிற் சரியாக மதிப்பிடல் வேண்டும். அவை நோயாளரைத் தொடும் செயலைப் பிறப்பின் இழிவிலிருந்து பிரித்து, மனிதர் தாமே விரும்பி ஏற்கும் உயர்ந்த அழைப்பாக்கின. பணிவிடை பெறுதற்கன்று, பணிவிடை செய்தற்கே என்னும் பொருள்பட்ட விவிலியக் கருத்தை வேலூர் தன் இலட்சிய வாசகமாகக் கொண்டமை இதனாலேயே. ஆண்டவனாகக் கருதப்படுபவரே ஏவலரின் வேலையைச் செய்தார் எனின், அவ்வேலை இழிவானதாதல் எங்ஙனம்?

ஆனால் ஒரு தொழிலைப் புனிதமாக்குதல் அதனைச் செய்வோரைக் காக்கும் என்பதற்கு உறுதியில்லை. புனிதம் என்ற சொல்லைக் கொண்டே ஊதியத்தைக் குறைக்கலாம். ஓய்வு கேட்பவரைத் தன்னலத்தார் என்று ஏசலாம். தேவதை என்று புகழப்படுபவளுக்கு வேலைநேர வரையறை எதற்கு என்று கேட்கப்படுகிறது. குறிப்பாகத் தோட்டத்துப் பெண்ணுக்கு இது இரட்டைச் சுமையாகும். பரம்பரை பரம்பரையாகப் பிரட்டுக் களத்தில் நின்று பிறர் ஏவியதைச் செய்யவே பிறந்தவர் எனக் கருதப்பட்ட மக்களின் மகள் அவள். அவளை நோக்கி, 'பணிசெய்வதே உன் இயல்பு' என்று சொல்லும்போது, சொல்பவர் அறிந்தோ அறியாமலோ கங்காணியின் குரலையே திரும்ப ஒலிக்கச் செய்கிறார். பட்டக்கல்வியின் அறவியற் பயன் இங்கேதான் புலனாகிறது. வைத்தியரின் கட்டளையை ஏற்பதோடு நில்லாது அதன் காரணத்தைக் கேட்கவும், தவறு காணின் சுட்டவும், தானே முடிவெடுக்கவும் அவளுக்கு அது தகுதி தருகிறது. தொண்டு அவள் தேர்ந்த செயலாக அமைவதற்கு இத்தகுதி இன்றியமையாதது.

இனி, கடன் பற்றிய வினாவுக்கு வருவோம். வேலூர் போன்ற நிறுவனங்களில் திருச்சபைகளும் மிஷன் வைத்தியசாலைகளும் மாணவரை அனுசரணை செய்து அனுப்பும் வழக்கம் உண்டு. அவ்வாறு இடம்பெற்றோர் பட்டம் பெற்றபின் வரையறுத்த காலம், பொதுவாக இரண்டு ஆண்டுகள், பின்தங்கிய பகுதிகளிலுள்ள அத்தகைய வைத்தியசாலைகளிற் பணியாற்ற உடன்படுகின்றனர். இவ்வேற்பாட்டினால் வேறெவரும் செல்லாத ஊர்களுக்குப் பயிற்சி பெற்றோர் சென்றுள்ளனர் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒப்பந்தத்தால் வரும் தொண்டு தொண்டாகுமா என்று கேட்கத் தோன்றும். ஒப்புரவைப் பேசும் வள்ளுவர் மழையை நினைவூட்டுகிறார். மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்கிறது என்பது அவர் கேள்வி. அந்நோக்கிற் பார்த்தால் கைம்மாறு கேட்கும் கல்வி மழையாகாது. அணைகட்டித் திறந்துவிடும் நீரே ஆகும். ஆயினும் வயலுக்கு நீர் சேரவேண்டுமாயின் வாய்க்காலும் அணையும் வேண்டியிருக்கின்றன என்பதையும் மறுத்தல் கூடாது.

கற்றவர் கடன்பட்டவரே என்ற வாதத்தின் மிகப் பழைய வடிவத்தைப் பிளேட்டோவின் கிரீட்டோ என்னும் உரையாடலிற் காணலாம். சிறையிலிருந்து தப்பிச்செல்ல மறுக்கும் சோக்கிரதீஸ், ஏதென்ஸ் நகரின் சட்டங்களே தம்முன் வந்து பேசுவதாகக் கற்பனை செய்கிறார். சட்டங்கள் மூன்று காரணங்களைக் கூறுகின்றன. அவருடைய பிறப்புக்கு அவையே வழி செய்தன. வளர்ப்பையும் கல்வியையும் அளித்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக, இந்நகரம் பிடிக்காவிடின் உடைமைகளுடன் எங்கும் செல்லலாம் என்ற உரிமையையும் தந்திருந்தன. அவ்வுரிமை இருந்தும் எழுபது ஆண்டுகள் அங்கேயே தங்கியமையால் அவர் நகரத்தோடு உடன்படிக்கை செய்தவராகிறார். ஆகவே கடன் பிணிக்கிறது. இவ்வாதத்தின் மூன்றாவது கால் பலராலும் மறக்கப்படுகிறது: போகும் உரிமை இருந்த இடத்திலேதான் தங்கியமை சம்மதமாகக் கொள்ளப்படும்.

இம்மூன்று கால்களையும் மலையகத்தில் நாட்டிப் பார்ப்போம். முதலாவது, பிறப்பு. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை, இந்நாட்டிலேயே பிறந்திருந்தும், நாடற்றவராக்கியது. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது. இரண்டாவது, கல்வி. 1945 முதல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவிற் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். தாதியியற் பட்டத்துக்கு வேண்டிய உயர்தர உயிரியல் வகுப்பு நடத்தக்கூடிய தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் இன்றும் போதியனவாக இல்லை. மூன்றாவது, போகும் உரிமை. 1964 ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவர்களின் விருப்பைக் கேட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடன்று அது. இருத்தலும் போதலும் இரண்டுமே பிறரால் தீர்மானிக்கப்பட்ட ஒரு மக்களின் மகளிடம், 'நீ நாட்டுக்குக் கடன்பட்டிருக்கிறாய்' என்று சொல்லும் அரசு, முதலில் தன் கணக்கேட்டைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

அக்கணக்கேட்டின் சுகாதாரப் பக்கமும் நோக்கற்பாலது. 1872 ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் முதலாகத் தோட்டத்து மருத்துவம் நாட்டின் பொது மருத்துவத்தினின்று வேறான ஒரு பாதையிற் சென்றது. தொழிலாளியின் உடல்நலம் தோட்டத்தின் உழைப்புத் தேவையோடு பிணைக்கப்பட்டிருந்தது. அவனை வேலைக்கு மீட்பதே மருந்தின் முதன்மை நோக்கமாயிற்று. தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவரும் மருத்துவமாது ஒருத்தியும் பல நூறு குடும்பங்களுக்குப் பொறுப்பாயிருந்தனர். அவர்களிற் பலர் தம் வசதிக்கு மேலாக உழைத்தமையை மறத்தல் நன்றியன்று. ஆயினும் விளைவு வேறுபாடாகவே இருந்தது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் அடையாதோர் நாடு முழுவதிலும் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். 2017 மே மாதத்தில் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட புதிய வைத்தியசாலை திறந்துவைக்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கட்டடம் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதில்லை. அதனை அவளுடைய மொழியிற் கேட்பதற்கு ஒருத்தி வேண்டும். கிறீன் வைத்தியர் மானிப்பாயில் உணர்ந்த உண்மை மலையகத்து விடுதிகளில் இன்னும் நிறைவேறக் காத்திருக்கிறது.

இவ்வாறு அரசின் கோரிக்கை வலுவிழப்பினும், கடன் முற்றாக அற்றுப்போய்விடுவதில்லை. அப்பெண்ணின் பாடப்புத்தகத்துக்கும் சீருடைக்கும் பணம் வந்த வழியைத் தேடிச்சென்றால், நாம் கொழுந்துக் கூடையிடத்தே போய்ச் சேர்வோம். அட்டை கடித்த காலோடும் மழையில் நனைந்த படங்கோடும் நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று நிறுத்துக் கொடுத்த பெண்களின் உழைப்பே அது. அவள் தாய் மட்டுமல்லள்; தாய் மலைக்குச் சென்ற வேளையிற் குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் வைத்துப் பார்த்த கிழவியும், சந்தா சேர்த்துப் பாடசாலைக்குக் கூரை போட்ட அயலவரும் அதிற் பங்குடையோர். இக்கடன் எவ்வேட்டிலும் எழுதப்படாதது. எந்நீதிமன்றமும் அறவிட முடியாதது. ஆயினும் நான்கு கோரிக்கைகளுள்ளும் நியாயம் மிகுந்தது இதுவே என்பது என் துணிபு. செய்நன்றியறிதலை அறமாகக் கொண்ட ஒரு மரபு இக்கடனை இல்லையென்று கூறமாட்டாது.

நியாயமான கடனையும் நியாயமற்ற முறையில் அறவிடல் கூடும். இங்கு இம்மானுவேல் கான்டின் வேறுபாடொன்று உதவும். பொய் சொல்லாமை போன்ற கடமைகள் விதிவிலக்கற்றவை. பிறர்க்குதவுதல் போன்றவையோ கடமைகளேயாயினும், எப்போது, எவ்வாறு, எவ்வளவு என்பதைச் செய்பவரின் தேர்வுக்கு விடுவன. இவ்விரண்டாம் வகைக் கடமையை முதல்வகையாக மாற்றி, ஒருத்தியின் வாழ்நாள் முழுவதையும் கேட்போமாயின், அவளை நாம் ஒரு கருவியாக மட்டுமே நடத்துகிறோம். கொழும்பிலே பிறந்து அரச செலவில் மருத்துவரான செல்வரின் மகன் இங்கிலாந்துக்குச் செல்லும்போது, அவனது திறமைக்குக் கிடைத்த பரிசு என்கிறோம். தோட்டத்து மகள் வளைகுடாவுக்குச் செல்ல எண்ணினால், தன் மக்களை மறந்தாள் என்கிறோம். வறியவர்க்கு மட்டும் வட்டியோடு விதிக்கப்படும் கடனை அறம் என்று அழைத்தல் தகாது.

இலங்கையின் அண்மைக்கால வரலாறு இம்முரண்பாட்டை வெளிப்படையாகவே காட்டிற்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணிக்காக அரச ஊழியர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்க அனுமதிக்கப்பட்டனர். தேவை ஏற்பட்டபோது நாடே அவர்களைப் போகச் சொன்னது. பின்னர் விடுதிகளில் ஆளில்லை என்று போனவர்களைப் பழித்தல் முறையாகுமா? அவர்களைப் பெற்றுக்கொண்ட செல்வ நாடுகளும் இக்கணக்கினின்று தப்பமுடியாது. உலக சுகாதார நிறுவனம் 2010 இல் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவை, ஆட்பற்றாக்குறை கடுமையாயுள்ள நாடுகளிலிருந்து சுகாதார ஊழியரைத் தீவிரமாகத் திரட்டுதலைத் தவிர்க்குமாறு கூறுவதோடு, ஊழியரின் இடம்பெயரும் உரிமையையும் ஏற்கிறது. அக்கோவை கட்டுப்படுத்துவதன்று, ஆயினும், பயிற்றப்பட்ட தாதியைப் பயிற்சிச் செலவின்றிப் பெற்ற நாடும் ஒரு கடனாளியே என்ற எண்ணம் அதிலிருந்து பெறப்படுகிறது.

இவற்றுக்கெல்லாம் எதிராக எழக்கூடிய வன்மையான தடையொன்று உண்டு. நியாயம் அனைத்தும் சீராகும் வரை நோயாளி காத்திருப்பாளா? இன்றிரவு பேற்று நோவில் இருப்பவளுக்கு 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அநீதியை எடுத்துரைத்துப் பயனென்ன? திண்டிவனத்து மூன்று பெண்களும் தத்துவ விசாரத்தினால் பிழைத்திருக்கமாட்டார்கள். இத்தடைக்கு முழுமையான விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளல் நேர்மையாகும். நோயாளியின் தேவை உண்மையானது. அது எவர்மீதும் ஒரு கோரிக்கையை எழுப்புகிறது. ஆனால் அக்கோரிக்கை அருகிலிருக்கும் ஏழைத் தாதியை நோக்கி மட்டும் எழுவதன்று. தோட்ட நிருவாகத்தையும், அரசையும், அம்மக்களின் உழைப்பில் விளைந்த தேயிலையை அருந்தும் நம் ஒவ்வொருவரையும் நோக்கியே எழுகிறது. பலர்க்குரிய கடனை ஒருத்தியின் தலையிற் சுமத்திவிட்டு, ஏனையோர் கருணையைப் பற்றிப் பேசுதலே தவிர்க்கப்படவேண்டியது.

ஆகவே, கற்பிக்கும் நிறுவனமோ சமூகமோ பணிக்கடப்பாட்டைக் கேட்கலாம். ஆனால் சில வரையறைகளுக்கு உட்பட்டே கேட்கலாம். முதலாவதாக, அது சேருமுன்னரே தெளிவாக எடுத்துரைக்கப்பட்டு, மறுத்தாலும் கல்விக்கு வேறொரு வழி உண்டு என்ற நிலையில் ஏற்கப்படல் வேண்டும். வேறு வழியில்லாதவரின் கையொப்பம் சம்மதமாகாது. இரண்டாவதாக, அது காலவரையறை உடையதாதல் வேண்டும். மூன்றாவதாக, தாதிக்கு விதிக்கப்படுவது வைத்தியர்க்கும் விதிக்கப்படல் வேண்டும். உதவி பெற்றவர்க்கு மட்டுமன்றிப் பொதுப்பணத்திற் கற்ற அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும். நான்காவதாக, அவள் அனுப்பப்படும் இடத்தில் கற்றதைச் செய்வதற்குரிய கருவியும் மருந்தும், தங்குவதற்குப் பாதுகாப்பான விடுதியும், உரிய ஊதியமும், அவள் சொல்லுக்கு மதிப்பும் இருத்தல் வேண்டும். பட்டதாரித் தாதியொருத்தியைப் பூட்டிய டிஸ்பென்சரியில் அமர்த்தி அர்ப்பணிப்பை எதிர்பார்த்தல் அறிவையும் அன்பையும் ஒருங்கே வீணாக்குதலாகும். ஐந்தாவதாக, காலம் முடிந்து அவள் செல்லும்போது பழிச்சொல் இன்றி விடைகொடுத்தல் வேண்டும்.

கிறித்தவ நிறுவனங்களுக்கு இவ்விறுதி வரையறை சிறப்பாகப் பொருந்தும். அருளைக் கைம்மாறு கருதாத கொடையாகப் போதிக்கும் சமயம், தான் தந்த கல்வியைக் கணக்கிட்டு அறவிடும்போது தன் போதனையோடு தானே முரண்படும் அபாயம் உண்டு. தன் சபையிற் சேர்ந்தவள், சேராதவள் என்ற வேறுபாட்டைக் கட்டிலருகிற் பாராட்டாத மரபு அதற்கு உண்டெனின், வகுப்பறையிலும் அதனைப் பாராட்டாதிருத்தல் தகும். மறுபுறம், மதச்சார்பற்ற தனியார் நிறுவனங்கள் தாதியியற் பட்டத்தை ஏற்றுமதிப் பண்டமாகவே விளம்பரம் செய்யும் இக்காலத்தில், அறிவு எவருக்காக என்ற வினாவை மாணவர்முன் வைக்கும் எந்நிறுவனமும் மதிக்கத்தக்கது. வேலூரிற் கற்றோர் பலர் மேலைநாடுகளிற் பணிபுரிகின்றனர். பலர் குக்கிராமங்களில் வாழ்நாளைக் கழித்துள்ளனர். இருசாராரும் அவ்வினாவைக் கேட்டே சென்றனர் என்பது சிறிய விடயமன்று.

மலையகத்துப் பெண்ணொருத்தி பட்டம் பெற்று, வரையறுத்த காலம் பணிசெய்து, கடன் தீர்ந்த நாளில் முழு உரிமையுடன் வாயிலில் நிற்கிறாள் என்போம். அவள் செல்லலாம், அதில் குற்றமில்லை. அவள் தங்கினால், அன்று முதல் அவள் செய்வது எவருக்கும் உரிய கடனன்று. அதனைத் தொண்டு என்ற சொல்லால் அழைக்கும் தகுதி அப்போதே நமக்கு வருகிறது. அவ்வாறு விரும்பித் தங்கக்கூடியவர்கள் பலர் உருவாவதற்கு வேண்டிய பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் மதிப்பையும் அமைத்துக்கொடுத்தல் ஏனையோராகிய நம் கடன். பல்கலைக்கழகங்களில் அமர்ந்து இவ்வினாவை ஆராயும் வாய்ப்புப் பெற்றவர்கள், அக்கடனாளிகளின் வரிசையிற் பின்னால் நிற்பவர்கள் அல்லர்.